வெறுங்கையுடன் சபை ஏறலாமோ?

வேலையிழந்தோருக்கு அரசு உதவிப்பணம் வழங்கும் முறை இலங்கையில் இல்லை. ஆகவே, நியாயமின்றி நீக்கப்பட்ட தொழிலாளிக்குத் தொழில் நியாய சபையே கதி. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை 1957இல் திருத்தியபோது தோன்றியது இச்சபை. தொழிலாளியின் பொருட்டுத் தொழிற்சங்கமே மனுச் செய்யலாம்; சங்கப் பிரதிநிதியே வாதாடலாம். எளியோர் பெற்ற பெரும் உரிமையன்றோ இது?

ஆயின், நம் சங்கத்தார் சிலர் அவ்வுரிமையை ஆளும் விதம் வருந்தத்தக்கது. விசாரணை நாட்காலையிலேதான் தொழிலாளியின் முகத்தையே காண்கின்றனர். மே தினப் பேச்சைச் சபையில் ஒப்புவித்தால் போதுமென எண்ணுகின்றனர் போலும்! நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துள் மனுச் சேரவேண்டும். அக்கெடுவைத் தவறவிட்டபின் நாவன்மை யாது செய்யும்?

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, எச்சரிக்கைக் கடிதம் யாவற்றையும் நாள்வரிசையில் அடுக்கிப் படித்தல் வேண்டும். “யாம் நீக்கவில்லை, அவரே வராது நின்றார்” என முதலாளி சாதிப்பாராயின், நீக்கியதை மெய்ப்பிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழும். வாயிலில் தடுக்கப்பட்டதைக் கண்டவர் யார்? அன்றே பதிவுத் தபாலில் முறையிட்டாரா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துருவுமுன் நாம் துருவவேண்டிய வினாக்கள் இவை. மேற்பார்வையாளரை ஏசியதைத் தொழிலாளி வெட்கத்தால் நம்மிடமும் மறைப்பார். அதனைச் சபையிலே முதன்முறை கேட்டு விழிக்கும் பிரதிநிதியால் அவருக்கு என்ன பயன்?