கேட்பவரை முந்த விடுங்கள்

கதையெழுதுவோருக்கான பட்டறைகளில் மூளை அறிவியல் அடிபடாத நாள் இல்லை என்றாகிவிட்டது. முதல் பத்தியில் அதிர்ச்சி கொடுத்தால் டோபமைன் சுரக்கும், தாயையும் பிள்ளையையும் பிரித்தால் ஒக்சிடோசின் சுரக்கும், முடிவைக் கடைசி வரி வரை ஒளித்து வைத்தால் வாசகர் இதழைக் கீழே வைக்கமாட்டார் என்று சூத்திரங்கள் கைமாறுகின்றன. நமக்கு வரும் கதைகளிலும் அதன் விளைவு தெரிகிறது. திருப்பம் இருக்கிறது; அதற்காகக் காத்திருக்க வாசகருக்கு ஒரு காரணமும் இருப்பதில்லை. மூளை ஆய்வுகள் எழுத்தாளருக்குச் சொல்வது உண்மையில் வேறொன்று.

அதை ஒரு திருவிழாவிலேயே காணலாம். மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைப் பக்கம் இருக்கிறது வஹகோட்டை. கண்டி இராச்சியத்துக்குள் குடியமர்ந்த போர்த்துக்கீசரின் வழிவந்தவர்கள் என்று அறியப்படும் கத்தோலிக்கரின் ஊர். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து வந்து, 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்ட யோசப் வாஸ் அடிகளார் பின்னர் தேடிச்சென்று பணிசெய்த ஊர்களில் அதுவும் ஒன்று. ஜூன் மாத அந்தோனியார் திருவிழாவுக்கு மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் அங்கே போகின்றன. கோயில் வளவில் மர நிழலில் ஓர் அப்பாயி பேத்திக்கு அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊர்ச் சனம் ஒருத்தரும் காது குடுக்கல. சாமி என்னா செஞ்சாரு? கடக்கரைக்குப் போனாரு…" என்றதுமே சிறுமி, "மீனெல்லாம் தலைய தூக்கிருச்சு!" என்று குதித்தாள். "பொறுடி, இன்னும் அவரு வாயே தொறக்கல" என்றார் அப்பாயி. பேத்தி அந்தக் கதையைப் பலமுறை கேட்டவள். மீன் எப்போது தலை தூக்கும் என்று தெரிந்ததால்தான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாயியும் அது தெரிந்தே கடற்கரையில் நிறுத்தி வைத்திருந்தார்.

இதைத்தான் 2010இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் எம்ஆர்ஐ கருவிக்குள் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பள்ளிக்கால அனுபவத்தை ஒத்திகை இல்லாமல் சொன்னார். அந்த ஒலிப்பதிவைப் பதினொரு பேர் கேட்டார்கள். சொன்னவரின் மூளையில் எழுந்த இயக்கம் கேட்டவர்களின் மூளையிலும் பெரும்பாலும் சில விநாடிகள் பிந்தி எழுந்தது. சில பகுதிகளிலோ கேட்டவர்களின் மூளை சொன்னவரை முந்திக்கொண்டு போனது. எவருக்கு அப்படி முந்துவது மிகுதியாக இருந்ததோ அவரே கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். தெரியாத மொழியில் கதை ஓடியபோது இந்த இசைவு மறைந்துபோனது. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், வாசகரை இருட்டில் வைத்திருப்பதே கலை என்று நம்பும் எழுத்தாளர் நின்று யோசிக்க வேண்டிய முடிவு இது.

டோபமைன் பேசுகிறவர்கள் நரம்பியலறிஞர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்கு ஆய்வுகளையும் முழுதாகச் சொல்லவேண்டும். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்புக்கலங்கள் துடித்தன. சாறு வருவதை முன்னறிவிக்கும் அடையாளத்தைக் குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு சாற்றை விட்டு அந்த அடையாளத்துக்கு மாறிவிட்டது. சொன்ன நேரத்தில் சாறு வராவிட்டால் துடிப்பு தாழ்ந்தது. பழச்சாறும் சிறுகதையும் ஒன்றல்ல. ஆனால் 'திருப்பம் கொடு, டோபமைன் வரும்' என்பவர்கள் இந்த ஆய்வில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

நம் மரபு மீதிப் பாதியை விடவில்லை. மாசியில் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும்போதே லயத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சிவன் கண்ணில் பட்டுக் காமன் எரியப்போகிறான் என்று. ரதியின் ஒப்பாரிக்கு அழுபவர் அதனால் குறைந்துவிடவில்லை. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தாய்மொழியல்லாத தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் நம் வடக்கு ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. சிலுவையில் முடியும் என்பது தெரியாத செவி அங்கே ஒன்றுமில்லை. தெரிந்த முடிவை நோக்கி ஒவ்வோர் அடியாக நடத்திச் செல்வதில்தான் அந்த உரைநடையின் வல்லமை இருக்கிறது. அவர் ஒரே வேதக் கதையை இரு மொழியாருக்கும் எழுதிப் பலன் கண்டதற்கும் இன்று ஆய்வுச் சான்று உண்டு. 2012இல் ஒரே கதையை ஆங்கிலத்தில் ஒரு குழுவுக்கும் ரஷ்ய மொழியில் இன்னொரு குழுவுக்கும் கேட்கக் கொடுத்தார்கள். ஒலியை வாங்கும் பகுதிகளில் வேறுபாடு இருந்தது. பொருளைக் கோக்கும் மேல்நிலைப் பகுதிகள் பெரிதும் ஒத்திருந்தன.

தொடக்கத்தைப் பற்றியும் ஒன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஜே. டி. சாலிஞ்சரின் சிறுகதை ஒன்றை இரு குழுக்கள் கேட்டன. நள்ளிரவில் ஒருவன் நண்பனைத் தொலைபேசியில் அழைத்து, மனைவியைக் காணோம் என்று புலம்புகிறான். நண்பனின் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் அந்த மனைவி என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். அழைப்பவன் வீணாகச் சந்தேகப்படுகிறவன், பக்கத்தில் இருப்பவள் நண்பனின் காதலி என்று மற்றக் குழுவுக்கு. பிறகு கேட்டது சொல் மாறாத ஒரே கதை; மூளைகள் இரண்டு கதைகளைக் கேட்டதுபோல் இயங்கின. முதல் பத்தியின் வேலை அதிர்ச்சி தருவதல்ல, வாசகர் எதை எதிர்பார்த்து நடக்கவேண்டும் என்று திசை காட்டுவது. நம் எழுத்தாளர்களில் பலர் அந்த இடத்தை வானிலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

சொல்லுக்கு வருவோம். மாத்தளை மிளகும் ஏலமும் கராம்பும் கறுவாவும் விளையும் மண். ஸ்பெயினில் 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், கறுவா போன்ற மணமுள்ள பொருள்களின் பெயரை வெறுமனே வாசித்தவர்களின் மூளையில் மணத்தை அறியும் பகுதிகளும் இயங்கின. அப்படியானால் வாசனைச் சொற்களைத் தூவினால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013இல் ருத்விக் தேசாய் குழுவினர் செயலைக் குறிக்கும் வினைச்சொற்களை ஆராய்ந்தார்கள். கையால் பற்றுவதை நேராகச் சொல்லும் வாக்கியத்தில் இயக்கப் பகுதிகள் நன்றாக ஈடுபட்டன, உருவகத்தில் குறைந்தன, தேய்ந்த மரபுத்தொடரில் இன்னும் குறைந்தன. 'நெஞ்சில் இடி விழுந்தது', 'தலையில் வானம் இடிந்தது' என்று நாம் எழுதும்போது வாசகரின் உடலில் எதுவும் விழுவதில்லை. கறுவா உரிக்கும் பெண் ஒருத்திக்கு மகன் இறந்த செய்தி வருகிறது என்று வையுங்கள். கம்பின் மேல்தோலைச் சீவிவிட்டாள். பட்டை கழல்வதற்குப் பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். செய்தி சொன்னவர் போய்விட்டார். அவள் அதே கம்பை, பட்டை நைந்துபோகும்வரை தேய்க்கிறாள். இடி தேவைப்படவில்லை.

இவற்றையும் அளவோடுதான் நம்பவேண்டும். எம்ஆர்ஐ அளப்பது இரத்தத்தின் ஒட்சிசன் மாற்றத்தை; எண்ணத்தையோ ஒக்சிடோசினையோ அல்ல. இலக்கியம் வாசித்தால் பிறர் மனம் அறியும் திறன் உடனே கூடுகிறது என்று 2013இல் வந்த புகழ்பெற்ற முடிவு, 2016இல் பெரிய அளவில் செய்த மறுஆய்வில் கிட்டவில்லை. பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தானே செய்வதுபோல் துடிக்கும் ஆடி நரம்புக்கலங்கள் பற்றி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனே 2000இல் பெரும் நம்பிக்கை தெரிவித்தார். மனித இரக்கத்துக்கு அவையே வேர் என்று சொல்லப் போதிய சான்று இன்னும் இல்லை. பட்டறை நடத்துகிறவர்கள் இவற்றை உறுதிப்பட்ட விதிகளாகக் கற்பிப்பது தவறு. இளம் எழுத்தாளரைத் தன் காதை நம்பவிடாமல் செய்யும் எந்தச் சூத்திரமும் தீங்கானது.

அடுத்த இதழுக்குக் கதை அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் கதையை ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவருக்குச் சொல்ல எதுவுமே இல்லையென்றால், கடைசிப் பத்தியில் கைவைக்காதீர்கள். முதல் பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்புங்கள்.