டி.ஏ.பி. வாங்க பாட்டிலும் வாங்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பா நடவு நடக்கும் இந்த நேரத்தில், எங்கள் பகுதித் தனியார் உரக்கடைகளில் டி.ஏ.பி. மட்டும் கேட்டால் தருவதில்லை. நானோ யூரியா பாட்டிலோ, நுண்ணூட்டப் பையோ சேர்த்து எடுத்தால்தான் மூட்டையை இறக்குகிறார்கள். 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்பது அரசு அறிவித்த விலை. அதற்கு மேல் பல நூறு ரூபாய் இப்படிப் பறிபோகிறது. "பாட்டில் வேண்டாம்" என்றேன். "அப்ப டி.ஏ.பி.யும் இல்ல" என்றார் கடைக்காரர்.

யூரியாவைச் சில நாள் தள்ளி மேலுரமாகக்கூடப் போட்டுக்கொள்ளலாம். டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படியல்ல. மண்ணில் அது அதிகம் நகராது. வேர் ஓடும் இடத்திலேயே கிடக்க வேண்டும். அதனால்தான் கடைசி உழவில் அடியுரமாக இடுகிறோம். தவறினால் வேர் பிடிக்காது, தூர் கட்டாது. சேறடித்து, நாற்றுப் பறித்து, நடவாட்களுக்கும் சொல்லிவிட்டவர் கடை வாசலில் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? அந்த அவசரத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

தட்டுப்பாடு இருப்பது உண்மை. தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கலாம்; மணிச்சத்துக்குப் பாஸ்பேட் பாறையை வெட்டியே ஆக வேண்டும். உலக இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம், மேற்கு சகாராவையும் சேர்த்து, மொராக்கோ வசம் உள்ளது. ராஜஸ்தானில் கிடைப்பது நமக்குப் போதாது. சீனா ஏற்றுமதியை இறுக்கினால் இங்கே வரத்து குறைகிறது. ஆனால், வரத்துக் குறைவுக்கும் பாட்டிலைத் தலையில் கட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

டி.ஏ.பி.க்கு மத்திய அரசு மானியம் தருகிறது. கடையில் உள்ள பி.ஓ.எஸ். கருவியில் எங்கள் பெயரில் விற்பனை பதிவான பிறகே அந்த மானியம் உர நிறுவனத்துக்குப் போகிறது. மக்கள் வரிப்பணத்தில் விலை குறைத்த மூட்டையை வைத்து இன்னொரு சரக்கைத் திணிப்பது பகல் கொள்ளை. "கம்பெனிக்காரங்க எங்க தலையில கட்டுறாங்க" என்று கடைக்காரர்களும் புலம்புகிறார்கள். அப்படியானால் சோதனை சில்லறைக் கடையோடு நிற்கக் கூடாது. மொத்த விற்பனையாளர், நிறுவனம் வரை போக வேண்டும்.

இணைத்து விற்கக் கூடாது என்று அரசு பலமுறை அறிவித்துவிட்டது. அறிவிப்பு போதும், நடவடிக்கை வேண்டும். வேளாண் அதிகாரிகள் கடை வாசலில் நின்று, விவசாயி கையில் உள்ள பில்லையும் வண்டியில் ஏற்றிய சரக்கையும் ஒத்துப் பார்க்கட்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் நடவுக்கு முன்பே டி.ஏ.பி.யோடு சூப்பர் பாஸ்பேட்டையும் இருப்பு வைக்க வேண்டும். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து. மூன்று மூட்டை சூப்பரில் 24 கிலோ, கந்தகச்சத்தும் கூடவே கிடைக்கும். தழைச்சத்துக்கு யூரியாவைச் சேர்த்துக்கொள்ளலாம். சங்கத்தில் இவை கிடைத்தாலே பாதிப் பேர் தனியார் கடைக்குப் போக மாட்டார்கள்.

மாவட்ட ஆட்சியர்கள் நடவு முடிவதற்குள் இதில் தலையிட வேண்டும்.

இப்படிக்கு,
சம்பா விவசாயி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.