பட்டினி கிடந்த பாம்பின் குடல்

மீட்பு மையங்களில் குளிர்காலம்தோறும் ஒரு கேள்வி எழும். மாதக்கணக்கில் இரை எடுக்காத மலைப்பாம்புக்கு முதலில் எதைக் கொடுப்பது? பெரும்பாலும் நம் கை குளுக்கோஸ் பொட்டலத்தைத்தான் தேடிப் போகிறது. சோர்ந்த உடம்புக்குச் சர்க்கரை தெம்பு என்ற கணக்கு அது. பாம்பின் குடல் விஷயத்தில் இந்தக் கணக்கு சரிவராது.

இந்தப் பழக்கத்துக்குப் பெருமைக்குரிய பூர்வீகம் உண்டு. அது இருப்பதும் நம் கொல்கத்தாவில்தான். காலரா கிருமியின் நச்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று சம்புநாத் தே 1959-இல் இங்கிருந்து நிறுவினார். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்திருந்த போங்காவ் முகாமில் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவ உலகமே இந்த நகரத்திடம் கற்ற பாடம் அது. அந்தப் பாடத்தில் சர்க்கரையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சோடியத்தை நாம் மறந்துவிட்டோம்.

குடல் செல்லின் அடிப்பக்கத்தில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது. குடலின் உட்புறத்திலிருந்து சோடியம் உள்ளே நுழைகிறது. அதை உள்ளே விடும் கடத்திப் புரதங்கள் கூடவே இன்னொரு மூலக்கூறையும் ஏற்றிக்கொள்கின்றன. அது குளுக்கோஸாக இருக்கலாம், அமினோ அமிலமாகவும் இருக்கலாம். 1980-களில் மகாலனாபிஸ் உள்ளிட்டோர் கிளைசின் சேர்த்த கரைசலைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்ததும் இந்த அடிப்படையில்தான். ஊர்வனவற்றிலும் அடிப்படை இதுவே. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பையானும் ஸ்கோஃபெனியல்ஸும் கிரேக்க ஆமையின் குடலைத் தனியே எடுத்து ஆராய்ந்து, அமினோ அமிலங்கள் ஆற்றல் செலவழித்தே உறிஞ்சப்படுகின்றன என்று 1961-லேயே காட்டினார்கள்.

வழி ஒன்றுதான் என்றாலும், அந்த வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. பர்மிய மலைப்பாம்பில் ஸ்டீஃபன் செக்கரும் ஜாரெட் டயமண்டும் 1995-இல் வெளியிட்ட அளவீடுகளைப் பாருங்கள். உடல் எடையில் கால்பங்கு இரையை விழுங்கிய பாம்பின் ஆக்சிஜன் செலவு 1 முதல் 3 நாட்களுக்குள் பட்டினி நிலையைப்போல 17 மடங்காகிறது. குடலின் உறிஞ்சும் வேகம் சத்துக்குச் சத்து மாறுபட்டு 6 முதல் 26 மடங்கு வரை கூடுகிறது. சிறுகுடலின் எடை இரட்டிக்கிறது. செல்களின் நுண்விரல்கள் பல மடங்கு நீள்கின்றன. இரை செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பாம்பு முன்பணம் கட்டுகிறது: இரையிலிருந்து ஒரு கலோரியும் வந்து சேருமுன்பே, பட்டினி கிடந்த உடம்பின் கையிருப்பிலிருந்து குடலைக் கட்டியெழுப்புகிறது.

அப்படியானால் குடலை எழுப்புவது எது? அதே குழு 2002-இல் வெவ்வேறு சத்துகளைத் தனித்தனியே மலைப்பாம்பின் குடலுக்குள் செலுத்திப் பார்த்தது. குளுக்கோஸ் மட்டும் சென்றபோது குடல் அசைந்து கொடுக்கவில்லை. கொழுப்புக்கும் அதே கதை. அமினோ அமிலங்களும் பெப்டைடுகளும் சென்றபோது குடல் வளரத் தொடங்கியது. முழு இரையை நிகர்த்த கலவைக்கே முழு விளைவும் கிடைத்தது. ஊனுண்ணியின் குடலுக்குப் புரதமே அழைப்பு. நாம் ஊற்றும் குளுக்கோஸ் நீர் தாகத்தைத் தணிக்கலாம். உறங்கும் குடலைத் தட்டி எழுப்பாது.

எனவே வரிசை முக்கியம். முதலில் வெப்பம்: கொல்கத்தாவின் ஜனவரி இரவில் பாதரசம் 15 டிகிரிக்குக் கீழே போகிறது. அந்தக் குளிரில் வயிற்றில் கிடக்கும் எலி செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும். கூண்டில் 30 டிகிரி அளவிலான இடம் ஒன்று நிலையாக அமைந்த பிறகே உணவைப் பற்றி யோசிக்க வேண்டும். அடுத்தது நீர்: அமினோ அமிலத்தின் நைட்ரஜன் யூரிக் அமிலமாகவே வெளியேறுவதால், வறண்ட உடம்பில் புரதத்தைத் திணித்தால் மூட்டிலும் உள்ளுறுப்புகளிலும் யூரேட் படியும். மூன்றாவதாகத்தான் புரதம். அதுவும் நீர்த்த கூழாக, சிறிய அளவில். அது தங்கினால் சிறிய இரை. அதன்பின் பாம்பைக் கையில் எடுக்காமல் விட்டுவிட வேண்டும்.

இந்த வரிசையை எல்லா ஊர்வனவற்றுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. அடிக்கடி இரை எடுக்கும் பாம்புகளின் குடலில் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதலாகி வரும் நட்சத்திர ஆமை இலைதழை உண்பது. அதற்குப் புரதக் கூழ் கொடுப்பது தீங்கு.

மேலே சொன்ன எண்கள் அமெரிக்க ஆய்வகங்களில் சீரான வெப்பத்தில் வளர்ந்த பாம்புகளுடையவை. நம் கைக்கு வருவது வலையில் சிக்கிக் காயம்பட்ட, ஒட்டுண்ணி நிறைந்த காட்டுப் பாம்பு. அதற்கு நம் சொந்தப் பதிவுகளே வேண்டும். அலிப்பூர் விலங்குக் காட்சி சாலையின் முதல் கண்காணிப்பாளர் ராம் பிரம்ம சன்யால் 1892-லேயே கீழ் வங்கத்தில் விலங்குகளைப் பேணுவது குறித்து ஒரு கையேடு எழுதினார். அந்த மரபில் வந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை எளிது. சேர்க்கையின்போது எடை, கூண்டின் இரவு வெப்பநிலை, முதல் உணவு என்ன, எவ்வளவு, கக்கியதா, முதல் மலம் எந்த நாளில் என்ற ஆறையும் ஒவ்வொரு பாம்புக்கும் எழுதி வையுங்கள். இங்கத்திய மலைப்பாம்புக்கு எத்தனை சதவீத இரை பாதுகாப்பானது என்பதை அந்த ஏடுகளிலிருந்துதான் வகுக்க முடியும்.