பதினான்காம் நாள் வரை பொறுங்கள்

திருகோணமலை உவர்மலையில் என் அக்கா வீட்டு ஹோலில் நின்று அண்ணாந்து பார்த்தால், பீமின் அடியில் நெடுக ஒரு செங்காவிக் கோடு தெரியும். விரலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உள்ளே கம்பி செதிள் விட்டிருக்கிறது. 2007இல் அந்தப் பீமுக்குப் பலகை அடித்தவன் நான்தான்.

பதினாறு அடிப் பீம். கொங்கிறீட் போட்ட எட்டாம் நாள் நான் மூதூரில் வேறு வேலையில் நின்றேன். முட்டுக் கொடுக்கும் ஜக்குகளை வாடகைக்குக் கொடுத்தவர் லொறியோடு வந்திருக்கிறார். அடுத்த இடத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்களாம். நாள் வாடகை ஏறுகிறதே என்று அத்தானும் சம்மதித்துவிட்டார். பின்னேரம் நான் வந்து பார்த்தால் ஒரு முட்டுக்கூட இல்லை. பீமின் நடுவில் மயிரிழை போல நாலைந்து வெடிப்பு. மேலே பூச்சுப் பூசினார்கள். உப்புக்காற்று அந்த வெடிப்பு வழியேதான் கம்பிக்குப் போனது.

வீடு கட்டுகிறவர்கள் சீமெந்து எந்த மார்க், கம்பி எத்தனை மில்லிமீற்றர் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பலகையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கழற்றி எறியப்போகும் சாமான்தானே என்று நினைக்கிறார்கள். 12 அடிக்கு 16 அடி அறைக்கு மேலே ஐந்து அங்குலத்தில் பிளேட் போட்டால், கொங்கிறீட் மட்டும் ஐந்து தொன்னுக்கு மேல். அதன் மேல் தாச்சியோடு ஆட்கள் நடப்பார்கள். அந்தப் பச்சைக் கொங்கிறீட் கல்லாகும் வரை அத்தனை பாரமும் முட்டின் தலையில்தான். வாடைமழையில் ஊறிய மண்ணில், அடியில் பலகைத்துண்டு வைக்காமல் ஜக்கை நட்டால், ஊற்றும்போதே ஒரு அங்குலம் புதையும். எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

இந்தியாவின் ஐ.எஸ். 456 தரவிதி, ஆறு மீற்றர் வரையான பீமுக்கு முட்டை 14 நாள் வைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் நீண்டால் 21 நாள். பிளேட்டுக்கு நாலரை மீற்றர் வரை 7 நாள், மேலே போனால் 14. அதுவும் சாதாரண போட்லண்ட் சீமெந்துக்குச் சொன்ன கணக்கு. சாம்பல் கலந்த சீமெந்து ஆறுதலாகத்தான் பலம் பிடிக்கும்; அதற்கு இன்னும் சில நாள் கூட்டத்தான் வேண்டும்.

பலகை மூட்டில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் போதும், சீமெந்துப் பால் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். மிஞ்சுவது சல்லி. பலகையைக் கழற்றினால் அந்த இடம் தேன்கூடு மாதிரி இருக்கும். தூணில் இது இன்னும் மோசம். பத்தடி உயரத்திலிருந்து தாச்சியைக் கவிழ்ப்பார்கள். சாந்து கம்பியில் ஒட்டிக்கொள்ள, சல்லி போய் அடியில் குவியும். ஐந்தடிக்கு மேல் விழ விடக்கூடாது. நான் தூண் பலகையின் நடுவில் ஒரு பக்கம் யன்னல் விடுவேன். பாதி வரை அதனூடாகப் போட்டு, அடைத்துவிட்டு, பிறகு மேலிருந்து போடுவது. ஒரு மணித்தியாலம் கூடச் செல்லும், மேசன்மார் முறைப்பார்கள். வைபிரேற்றர் இல்லாத இடங்களில் பலகையின் வெளிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவேன். உள்ளே வெற்றிடம் இருந்தால் பறை மாதிரி ஒலிக்கும். நிறைந்துவிட்டால் ஈரச் சாக்கில் தட்டியது போலச் சத்தம் அமுங்கிவிடும். அந்த அமுங்கின சத்தம் கேட்கும்வரை நான் தூணை விட்டு நகர்ந்ததில்லை.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் போட்ட பிளேட் மத்தியானமே மேலே வெடிக்கத் தொடங்கும். ஈரச் சாக்குப் போட்டு, பாத்தி கட்டி நல்ல தண்ணீர் விடவேண்டும். கடற்கரைக் கிணற்று உவர்த்தண்ணீர் ஆகாது.

பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. சீமெந்து சீனக்குடாவில் அரைபடுகிறது. மகாவலி மணலைக் கொட்டியாரக்குடா வரை கொண்டுவந்து தருகிறது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கும் வரை சீமெந்துப் பைகளோடு மிதவைப் பாதையில் ஏறி அக்கரை போனவன் நான். 396 மீற்றர் பாலம், உப்புத் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கிறது. வீடு கட்டுகிறவர்கள் அதைக் காட்டி, “அது பெரிய வேலை, எங்கள் வீட்டுக்கு அவ்வளவு கவனம் எதற்கு?” என்று கேட்கிறார்கள். உப்பு சின்ன வீட்டுக் கம்பியை விட்டுவைக்குமா?

கொந்தராத்துப் பேசும்போதே பலகைக் கூலியையும் ஜக் வாடகையையும் தனியாக எழுதுங்கள். பலகை அடிக்கும் நாட்களையும் சேர்த்து வாடகையை 21 நாளுக்குப் போடுங்கள். வரைபடத்துக்கு அனுமதி தருகிற சபைகளிடமும் ஒன்று கேட்கிறேன். கொங்கிறீட் போடுவதற்கு முதல் நாள், பலகையையும் கம்பியையும் பார்க்க ஒருவரை அரை மணித்தியாலம் அனுப்பிவையுங்கள். பலகை பிழை என்றால் அன்றைக்குத்தான் திருத்தலாம்.

போன கிழமை லிங்கநகரில் மருமகன் வீட்டுக்குப் பிளேட் போட்டோம். படிக்கட்டுக்குப் பக்கத்துப் பலகையில் போட்ட தேதியையும், முட்டுக் கழற்றும் தேதியையும் சோக்கட்டியால் பெரிதாக எழுதிவிட்டு வந்திருக்கிறேன். ஜக்காரருக்கும் அதைக் காட்டிவிட்டேன்.