வீரருக்கு ஏற்ற கலயம்

வேலூர் மாவட்டத்துக்கும் ராணுவத்துக்கும் நெடுங்கால உறவு உண்டு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே மக்கள் அழைப்பர். குடியாத்தத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் முன்னாள் படைவீரர்களின் இல்லங்கள் பல உள்ளன. அத்தகைய ஓர் இல்லத்தில் பெரியவர் காலமானால், பால் தெளிக்கும் சடங்குக்கு முன் ஒரு கேள்வி எழுவதுண்டு: அஸ்தியை எதில் எடுப்பது?

மண் கலயமே முறை என்பர் மூத்தோர். நாட்டைக் காத்த தந்தைக்கு மண்பானைதானா என்று வருந்தும் மகனோ, பெயரும் பதவியும் பொறித்த பித்தளைக் கலசத்தைத் தேடுவான். இரு தரப்பிலும் இருப்பது அன்பே. ஆயினும், துக்க வீட்டில் இச்சிறு கருத்து வேறுபாடு மனக்கசப்பாக வளர்ந்துவிடக் கூடாது.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது, ஐயூர் முடவனார் என்னும் புலவர் குயவரை நோக்கிப் பாடியது புறநானூற்றின் 228ஆம் பாடலாக உள்ளது. அத்துணைப் பெரும் புகழுடையவனுக்குத் தாழி செய்ய வேண்டுமாயின், இவ்வுலகமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் அமைய வேண்டுமே, உன்னால் இயலுமா என்பது அதன் கருத்து. வீரனின் பெருமையை அடக்கவல்ல கலம் எதுவும் இல்லை என்பதே அதில் நாம் காணும் உண்மை. பெருமையைக் கலயம் தர இயலாது என்றால், எளிய கலயத்தால் அது குறைவதும் இல்லை.

சாத்திரம் வலியுறுத்துவதும் பாத்திரத்தின் விலையை அன்று. எலும்புகளைப் பெருவிரலாலும் மோதிர விரலாலும் ஒவ்வொன்றாக, ஓசை எழாமல், பாதத்தில் தொடங்கித் தலையில் முடியுமாறு எடுத்துக் கலத்தில் இட வேண்டும் என்கிறது ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம். உறங்குபவரை எழுப்பிவிடக் கூடாதே என்பது போன்ற அந்த மென்மைதான் உண்மையான மரியாதை.

ஆகவே, கலயத்தை அது செல்லவேண்டிய வழியைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே தக்கது. அருகில் உள்ள நீர்நிலையில் ஓரிரு நாட்களில் கரைப்பதாயின் விரிசலில்லாத புதிய மண் கலயம் போதும். வாயைத் தூய துணியால் கட்டிவிடலாம். ராமேசுவரத்துக்கோ காசிக்கோ ரயிலில் கொண்டு செல்வதாயின், இறுக மூடும் செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம் உடையாமல் காக்கும். விமானப் பயணமாயின் இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் உடன் வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்திடம் முன்னரே விதிகளைக் கேட்டறிவது நலம். சில எலும்புகளை மட்டும் எடுக்கும் குடும்பங்களுக்குச் சிறு பாத்திரமே போதும். தகன மேடையிலிருந்து சாம்பல் முழுவதையும் பெறுவோருக்குச் சற்றுப் பெரிய பாத்திரம் வேண்டும்.

தேசியக் கொடியால் கலயத்தைச் சுற்றலாமா என்றும் சிலர் எண்ணுவர். ராணுவ மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கில் பேழையின் மீது கொடி போர்த்தப்படும். ஆனால் அதைச் சிதையில் எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது என்பது கொடி விதி. தனியார் சடங்குகளில் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்தவும் அவ்விதி இடம் தரவில்லை. பதக்கங்களும் கலயத்துள் இடற்பாலன அல்ல. அவை பேரப்பிள்ளைகள் பார்த்து வளரவேண்டியவை.

அழகிய கலசத்தை வாங்கினால் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆசையும் உடன் வரும். அஸ்தியை வீட்டினுள் வையாமல் வெளியே மரத்தில் கட்டி வைத்து, விரைவில் நீரில் சேர்ப்பதே நம் முன்னோர் வழக்கம். காந்தியடிகளின் அஸ்தி 1948 பிப்ரவரி 12 அன்று திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்டது. ஆயினும் அதில் ஒரு பகுதி கட்டாக் நகர வங்கி ஒன்றின் பெட்டகத்தில் பல்லாண்டுகள் தங்கிவிட்டது. நீதிமன்றத்தின் வழியே அதைப் பெற்று, கொள்ளுப்பேரர் துஷார் காந்தி 1997 ஜனவரி 30 அன்று அதே சங்கமத்தில் கரைத்தார். மகாத்மாவின் அஸ்திக்கே இந்நிலை எனில், நம் வீட்டு அலமாரியில் தங்கும் கலசத்தை நமக்குப் பின் யார் கரைப்பர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதல் உலகப் போரில் காயமுற்று, இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர் 53 பேர் அந்நகரை அடுத்த குன்றில் தகனம் செய்யப்பட்டனர். அவர்களின் சாம்பலை ஏற்றுக்கொண்டது அந்நாட்டுக் கடல். தகனம் நடந்த இடத்தில் வெண்பளிங்குச் சத்திரி ஒன்று 1921இல் திறக்கப்பட்டது. நம் காலத்தில், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர்தம் துணைவியார் ஆகியோரின் அஸ்தியை அவர்களுடைய இரு புதல்வியரும் ஹரித்துவாரில் கங்கையில் கரைத்தனர். பெயர் அறியாத சிப்பாய்க்கும் முப்படைத் தளபதிக்கும் முடிவில் வாய்த்தது நீரே.

எனவே, அந்தத் தாயின் மனம் எதில் அமைதி கொள்ளுமோ அந்தக் கலயத்தையே பிள்ளைகள் வாங்கட்டும். பித்தளைக்கென வைத்திருந்த தொகை மிகுந்தால், பெரியவரின் பெயரால் ஊர்க்கோயிலில் ஒரு நாள் அன்னதானம் நடக்கட்டும். எல்லையில் பசியும் குளிரும் அறிந்தவருக்கு அது ஏற்ற வழிபாடாகும்.