பதவி கொடுத்தால் போதுமா?

நல்ல தொழிலாளி ஒருவர். வேலையில் கெட்டிக்காரர். எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். முதலாளி மகிழ்ந்து போய், அவரை மேற்பார்வையாளர் ஆக்குகிறார். 20 பேர் அவருக்குக் கீழே.

ஒரு மாதம் செல்கிறது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒருவனுக்கும் வேலை தெரியவில்லை" என்று சீறுகிறார். தொழிலாளர்களோ, "நேற்று வரை நம்மோடு டீ குடித்தவர், இன்று தலைகால் புரியாமல் ஆடுகிறார்" என்று முணுமுணுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால், கோபம் மனைவி மக்கள் மீது பாய்கிறது. அலுவலகத்தில் புதிதாக மானேஜர் ஆனவர்கள் பலருக்கும் இதே கதைதான்.

குற்றம் யாருடையது?

எந்திரத்தை ஓட்ட அவருக்குப் பல ஆண்டு பழக்கம். மனிதர்களிடம் வேலை வாங்க ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லை. பதவியைக் கொடுத்தவர்கள், அதற்கு வேண்டிய வித்தையைக் கொடுக்கவில்லை.

இந்த வித்தை பிறவியிலேயே வரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கற்றுக்கொடுத்தால் வரும். இதை அமெரிக்கா செய்து காட்டியது.

1940-ம் ஆண்டு. இரண்டாவது உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் போர்த் தளவாடங்கள் மலைபோல் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்காவும் போரில் குதித்தது. வாலிபர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். ஆலையையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்களை நடத்திச் செல்ல, புது மேற்பார்வையாளர்கள் ஏராளமாக வேண்டியிருந்தது.

அதற்காக அரசாங்கம் "தொழிற்சாலைக்குள் பயிற்சி" என்ற திட்டத்தை 1940-ல் தொடங்கியது. வேலை கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒரு பாடம். தொழிலாளர்களோடு பழகுவது எப்படி என்று ஒரு பாடம். வேலை முறையைத் திருத்துவது எப்படி என்று இன்னொரு பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மணி நேரம். அவ்வளவுதான்!

முடிச்சுப் பாடம்

மின்சார விளக்கு மாட்டும் ஹோல்டருக்குள், ஒயர் இழுபட்டு வராமல் இருக்க ஒரு முடிச்சுப் போடுவார்கள். அதைப் போடும் விதத்தைப் பயிற்சியாளர் வாயால் மட்டும் சொல்வார். கேட்டவரால் போட முடியாது. பிறகு, ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டுவார். அப்போதும் முடியாது. மூன்றாவது முறை, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே காட்டுவார். முக்கியமான இடத்தை அழுத்திச் சொல்வார். கற்பவரையே செய்யச் சொல்லி, பிழையைத் திருத்துவார். இப்போது முடிச்சு சரியாக விழும்!

மாணவர் அதே மாணவர்தான். மாறியது கற்றுக்கொடுத்த விதம். "அவனுக்கு மண்டையில் ஏறவில்லை" என்று திட்டும் மேற்பார்வையாளர், இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நான்கு கட்டளைகள்

பழகும் பாடத்தில் நான்கு கட்டளைகள் உண்டு. வேலை எப்படி இருக்கிறது என்பதைத் தொழிலாளியிடம் அவ்வப்போது சொல்ல வேண்டும். நன்றாகச் செய்தால், உடனே பாராட்ட வேண்டும். அவரைப் பாதிக்கும் மாறுதல் எதுவானாலும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவரிடம் உள்ள திறமையைக் கண்டுபிடித்துப் பயன்படுத்த வேண்டும்.

தகராறு வந்தால்? முதலில் நடந்ததை முழுவதும் விசாரிக்க வேண்டும். பிறகுதான் முடிவு. ஒருவர் மூன்று நாள் தாமதமாக வந்தால், உடனே சீட்டைக் கிழிப்பது சுலபம். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது, கேட்டால்தானே தெரியும்? முடிவு செய்து காரியத்தை நடத்திய பிறகு, பலன் என்ன என்றும் பார்க்க வேண்டும்.

இந்தத் திட்டம் 1945-ல் முடிந்தது. அதற்குள் 16 ஆயிரத்துக்கும் அதிகமான தொழிற்சாலைகளில், 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பிறகு, அது ஜப்பானுக்குச் சென்றது. மோட்டார் கார் செய்யும் டொயோட்டா கம்பெனி, 1951-ல் அதைக் கைக்கொண்டது.

போர் நெருக்கடியிலேயே இதற்கு நேரம் ஒதுக்க முடிந்தது. அமைதிக் காலத்தில் முடியாதா?

பயிற்சி இல்லாமல் ஒருவரை உயர்த்தினால், நல்ல தொழிலாளியை இழக்க நேரிடும். நல்ல மேற்பார்வையாளரும் கிடைக்கமாட்டார். அவருக்குக் கீழே உள்ள 20 குடும்பங்களின் நிம்மதியும் போகும். பதவி உயர்வு உத்தரவைக் கையில் கொடுக்கும் முதலாளிகள், அதோடு 10 மணி நேரப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.