இறந்தவர் கன்னத்தில் யார் பூசிய சிவப்பு?

“தூங்குற மாதிரியே இருக்காருப்பா!”

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் உடலைப் பார்த்ததும் நம் வாயில் வருகிற முதல் பேச்சு இதுதான். ஆறுதலுக்குச் சொல்கிறோம், தவறில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவனுக்கு ஒரு கேள்வி வரத்தான் செய்கிறது. மூச்சு நின்று பத்து நாளான முகத்தில் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

எம்பாமிங் என்றால் ஏதோ மருந்து போடுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கழுத்திலோ தொடையிலோ ஒரு தமனியைத் திறந்து, ஃபார்மலின் கலந்த திரவத்தை உள்ளே செலுத்துவார்கள். ரத்தம் சிரை வழியே வெளியேறும். ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுவதால் உடல் அழுகாது. ஆனால் தோல் சாம்பல் பூத்துப்போகும். மஞ்சள் காமாலையில் இறந்தவர் என்றால் இன்னும் மோசம்: பிலிருபின் பிலிவெர்டினாக மாறி, உடல் பச்சை பாரிக்கும்.

இதை மறைக்கத்தான் சாயம். இயோசின், எரித்ரோசின், பான்சோ, அமரந்த் என்று பல உண்டு. இயோசினை உங்களுக்கும் தெரியும், ஒரு காலத்தில் நாங்கள் விடைத்தாள் திருத்திய சிவப்பு மையில் இருந்த சாயம் அது. இவற்றில் இரண்டு வகை. ஒன்று பாட்டிலில் இருக்கும் திரவத்துக்கு மட்டும் நிறம் கொடுப்பது. இன்னொன்று திசுவிலேயே ஏறி ஒட்டிக்கொள்வது. கன்னத்தைச் சிவக்க வைப்பது இந்த இரண்டாவது வகை.

சாயத்துக்கு நியாயமான வேலையும் இருக்கிறது. திரவம் விரல் நுனிவரை போய்ச் சேர்ந்ததா என்பதைத் தோலின் நிறத்தை வைத்தே எம்பாமர் கண்டுகொள்ளலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ‘உயிரோடு இருப்பது போல’ காட்டுவதையே ஒரு சரக்காக விற்பதில்தான் சண்டை.

அந்த வியாபாரம் வளர்ந்தது அமெரிக்காவில். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களைத் தூரத்து ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கிய வழக்கம், 1865இல் லிங்கனின் உடல் ரயிலில் ஊர் ஊராகப் போனபோது நாடெங்கும் பரவியது. அது பெருந்தொழிலாக வளர்ந்து துக்க வீட்டின் பணப்பையில் கைவைப்பதை 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்ட் புத்தகம் எழுதிக் கிழித்தார். சட்டம் கேட்காத இடத்தில் ‘எம்பாமிங் கட்டாயம்’ என்று பொய் சொல்லக் கூடாது என்ற விதி அங்கே 1984இல்தான் அமலுக்கு வந்தது.

சரி, அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? வளைகுடாவிலிருந்து வருகிறதே நம் பிள்ளைகளின் பெட்டி, அதற்காகத்தான்.

தடயவியலில் நிறம் ஒரு சாட்சி. இறந்த பின் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி, தோலில் கறை போலத் தெரியும். அது எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பது, உடல் எப்படிக் கிடந்தது, யாராவது புரட்டினார்களா என்று சொல்லும். அதன் நிறமும் பேசும். குளிருக்குக் கரி மூட்டிப் பூட்டிய அறையில் கார்பன் மோனாக்சைடு தாக்கி இறந்தவருக்கு அந்தக் கறை செர்ரிப் பழச் சிவப்பில் இருக்கும். சயனைடிலும் இளஞ்சிவப்பு வரலாம். இப்போது யோசியுங்கள். ரத்தத்தை வெளியேற்றி, ஃபார்மலினை ஏற்றி, மேலே ஒரு சிவப்புச் சாயத்தையும் கலந்துவிட்டால், இங்கே மறு பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் எதைப் பார்த்து எதைச் சொல்வார்? ஃபார்மலின் ஏறிய உடலில் சயனைடு, மது போன்றவற்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நிறமும் போய்விட்டால்?

“உடல் கெடாமல் வர வேண்டாமா சார்?” என்று கேட்பீர்கள். கட்டாயம் வர வேண்டும். விமானத்தில் ஏற்ற எம்பாமிங் சான்றிதழ் வேண்டும் என்பதும் நியாயமே. பெற்றவள் கடைசியாகப் பார்க்கும் முகம் கோரமாக இருக்கக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பழைய மாணவர்கள் சிலரின் குடும்பங்களுக்காக நான் வாங்கிப் படித்த சான்றிதழ்களில், ‘எம்பாம் செய்யப்பட்டது’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. கடையில் வாங்கும் ஜாம் பாட்டிலில் என்ன நிறமி என்று அச்சடிக்கிறோம். ஒரு மனிதனின் உடம்பில் என்ன ஏற்றினோம் என்று எழுத மாட்டோமா?

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, சாவில் சந்தேகம் இருந்தால் எம்பாமிங்குக்கு முன்பே பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். ரத்த மாதிரி எடுத்து வைத்து, கறைகளை வண்ணப் படமும் எடுக்க வேண்டும்.

இரண்டு, என்ன திரவம், என்ன சாயம், எவ்வளவு, எந்த இடத்தில் வெட்டு என்று சான்றிதழில் இருக்க வேண்டும்.

மூன்று, அழகுக்காகச் சாயம் ஏற்றுவதென்றால் குடும்பத்தைக் கேட்டுவிட்டு ஏற்ற வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி வந்து, மனதில் சந்தேகமும் இருந்தால், அழுகைக்கு நடுவிலும் ஒருவர் உட்கார்ந்து இந்தியத் தூதரகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்: ‘பரிசோதனை முடியும் முன் எம்பாமிங் வேண்டாம்.’ திரவம் ஏறிவிட்டால் அதைத் திரும்ப இறக்க முடியாது.